காசு விழாமல் ஐந்து வெடி

நான் பொலிஸில் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. கள்ளரைப் பிடித்திருக்கிறேன், குடிவெறிகாரரை வேனில் ஏற்றியிருக்கிறேன். கைத்துப்பாக்கிச் சோதனையில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டேன். இடுப்பிலிருந்து உருவி, பத்துச் செக்கனுக்குள் ஐந்து ரவை சுட வேண்டும். மூன்றாம் முறையும் தவறினால் சார்ஜன்ட் பதவியை மறந்துவிடலாம். எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் வேண்டும்.

முதல் முறை நடந்ததை நிலையத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பக்கத்தில் நின்றவர் சுட்டதும் நான் தரையில் குப்புறக் கிடந்தேன். யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரருக்கு அ, ஆவுக்கு முதலே படிப்பித்த பாடம் அது: சத்தம் கேட்டால் விழுந்து படு. பயிற்றுநர் தெற்கிலிருந்து வந்த நல்ல மனிதர். எனக்கு என்ன வருத்தம், வலிப்பா என்று அக்கறையாக விசாரித்தார். இரண்டாம் முறை விழவில்லை. கண் மட்டும் தானாக மூடிக்கொண்டது. ஐந்து ரவையும் மண்ணுக்குள் போயின.

அவர்தான் வழி சொன்னார். வெறும் துப்பாக்கியின் குழல் மேல் ஒரு காசை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பழக வேண்டுமாம். துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. புத்தூரில் திருவிழாக் கடையொன்றில் தண்ணீர் அடிக்கும் விளையாட்டுத் துவக்கு ஒன்று வாங்கி, பாரத்துக்கு மணல் நிரப்பினேன். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கடைக்காரர் கேட்டார். முப்பத்தாறு என்று நான் சொல்லவில்லை.

என் கணவர் கணித வாத்தியார். நான் உருவி நீட்டியதும் குழல் மேல் காசை வைப்பதும் போனில் நேரம் பிடிப்பதும் அவர் பொறுப்பு. முதல் நாள் எனக்குப் பதினாறு செக்கன் எடுத்தது.

“அவ்வளவு நேரத்திலை உம்மடை கள்ளன் தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போயிடுவான்” என்றார்.

போகப்போக நேரம் ஒன்பதுக்கு இறங்கியது, காசும் நின்றது. இனிச் சத்தத்துக்குப் பழக வேண்டும் என்று அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று கடதாசிப் பை உடைத்தார், சட்டி மூடிகளை அடித்தார். சோதனைக்கு முதல் நாள் சீனவெடி ஒன்றை முற்றத்தில் கொளுத்திவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

வெடித்தது. உடம்பு உதறவில்லை, கண் மூடவில்லை. காசு குழல் மேல் அப்படியே இருந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. எத்தனை செக்கன் என்று கேட்டேன். திரும்பினால் ஆளைக் காணவில்லை. சாப்பாட்டு மேசைக்குக் கீழே, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, வெடி கொளுத்தியவரே கிடந்தார்.

“ஒன்பது” என்றார், அங்கே இருந்தபடியே.

அடுத்த நாள் பக்கத்தில் வெடித்தபோது எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சுட்டேன். ஐந்தில் நான்கு இலக்கில் பட்டன. சித்தியடைய அது போதும்.

இப்போது சனிக்கிழமைகளில் வெடி கொளுத்துவது நான். மணல் துவக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர். காசு ஒவ்வொரு முறையும் விழுகிறது. நான் சிரிக்கத்தான் செய்கிறேன். அவர் கோபிப்பதில்லை. தானே குனிந்து காசைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டுகிறார்.

“இன்னொருக்கா வையும்.”