ஊசிக்கு நடுங்கிய முதுகு

எதைச் சொன்னாலும் “ஓம், ஓம்” என்று தலையாட்டும் வல்வெட்டித்துறை மீனவர் அவர். நெஞ்சுக்குள், முள்ளந்தண்டோடு ஒட்டி ஒரு கட்டி இருந்தது. அது என்னவென்று அறிய முதுகு வழியாக ஊசி விட்டுச் சதை எடுக்கப் போனேன். முதுகெல்லாம் காவடிக்குச் செடில் கொக்கிகள் குத்திய தழும்புகள். ஆனாலும் ஊசியைக் கண்டு நடுங்கினார்.

“செடிலுக்குப் பயப்பிடாத நீங்கள் உந்த ஊசிக்குப் பயப்பிடுறியளோ, அண்ணை?”

“செடில் ஒண்டும் சொல்லாது, டொக்டர். உது சொல்லப்போகுது.”

நரம்பின் உறையில் அபூர்வமாக வளரும் தீங்கில்லாத கட்டி, புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. கட்டியை வெட்டி எடுத்தபின், “இனிச் செடில் வேண்டாம்” என்றேன்.

“ஓம், ஓம்.”

அடுத்த வருடம் ஸ்கானுக்கு வந்தவரின் முதுகில் புதுத் தழும்புகள். முறைத்துப் பார்த்தேன்.

“முடிவு வர முந்தியே முருகனுக்கு நேந்துபோட்டன், டொக்டர். உங்கடை இடத்திலை குத்தேல்லை.”

உண்மைதான். நான் வெட்டிய தழும்பைச் சுற்றி ஒரு கையகலத் தோலை எனக்காக விட்டிருந்தார்.