பஞ்சாயத்துச் சுவரில் விவசாயியாக என் பெயர்

நான் ஏர் பிடித்ததில்லை. பருத்திச் செடியையும் வெண்டைச் செடியையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்லத் தெரியாது. ஆனாலும் அரசாங்கத்துக்கு நான் விவசாயி. மத்திய அரசுத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஹைதராபாத்துக்கு வெளியே மூன்று ஏக்கர் வாங்கினேன். பட்டா என் பெயரில் இருப்பதால், ஒவ்வொரு போகத்துக்கும் சாகுபடி உதவித்தொகை நகரத்துக்குள் மல்காஜ்கிரியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வருகிறது. உண்மையில் பயிர் செய்கிறவள் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி. அவளிடம் குத்தகையும் வாங்குகிறேன். எல்லாம் வாய்ப்பேச்சுதான். இங்கே யாரும் குத்தகைக்கு எழுதித் தருவதில்லை. இரண்டு பக்கமும் தின்றேன், கூச்சமே இல்லாமல்.

போன அறுவடையின்போது மழை விடாமல் பெய்து அவள் பருத்தி செடியிலேயே அழுகியது. நிவாரணம் கேட்கப் போனவளிடம், நிலக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் உன் பெயர் ஏறும், இல்லாவிட்டால் அவர் பெயர்தான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வந்தாள். விதைக்கடைப் பாக்கியைக் கட்டாவிட்டால் அடுத்த விதை கிடைக்காது என்று தெலுங்கில் சொன்னாள்.

அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய், கொண்டாப்பூரில் இருக்கும் மைத்துனனுக்குப் போன் செய்தேன். நிலம் வாங்கச் சொன்னவன் அவன்தான்.

"அத்தான், கையெழுத்து கிய்யெழுத்து போட்டுராதிய. நாளைக்கு நெலத்துல பாத்தியதை இருக்குன்னு கோர்ட்டுக்குப் போவா."

"அவளா? பஸ்ஸுக்கே கடன் வாங்கிட்டு வந்திருக்கா."

"அவ போவாட்டி அவ மவன் போவான். எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு இப்படி நெலம் கெடக்கு. ஒருத்தன் எழுதிக் குடுத்திருக்கானா?"

என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தமிழில் பேசினால் அவள் ஹிந்தியில்தான் பதில் சொல்வாள். "கைக்கு டர்ரே, அப்பா?" என்றாள். எதற்குப் பயம் என்கிறாள். வாயை மூடு என்றேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணை அனுப்பினேன். யோசிக்கவேயில்லை.

நிவாரணம் வந்தது, எனக்கு. யார் யாருக்குக் கிடைத்தது என்று பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள், ஊரே படிக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பணத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

'பாதிக்கப்பட்ட விவசாயிகள்' என்று மேலே போட்டு, கீழே ஊரும் பெயரும். எனக்கு மேலே ஒரு சைனிக்புரிக்காரர், கீழே இரண்டு கொண்டாப்பூர்க்காரர்கள், எல்லாரும் என்னைப் போல நகரத்துக்காரர்கள். சுற்றி நின்று படித்தவர்களில் பலருடைய பெயர் அதில் இல்லை. அவளும் அங்கே நின்றாள்.

"சார், உங்க பருத்தி மொத்தமும் போயிடுச்சாமே" என்றாள். "கேட்டதுலேருந்து எங்களுக்குச் சோறு எறங்கல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பணத்தை நீட்டினேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இது நீங்க மனசு வச்சுக் குடுக்கறது. அடுத்த தடவ மனசு வராட்டி? தாளு வீட்லதான் இருக்கு. கொண்டு வரட்டுமா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.