பல்வலிக்கு வைத்த புகையிலை

போன மாதம் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் 'வேப்' எனும் மின்சிகரெட் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று நம் பாடசாலை அதிபர்மாருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு... அதுதான் கோளாறு.

எல்ல டவுனில் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள் ஊதுவதைப் பார்த்து நம் பிள்ளைகளும் ஊதுகிறார்களாமே? படம் போட்டுக் காட்டினேன். மாம்பழ வாசனை, ஸ்ட்ரோபெரி வாசனை, உள்ளே நிக்கோட்டின் — வெளுத்து வாங்கினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அதிபர் பிளேன்டீ கொடுத்தார்.

வெளியே வந்தால், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசலில் நிற்கிறாள். பெயர் தர்ஷினி.

"மிஸ், நீங்க போயிலயப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே. அப்ப அது பரவாயில்லதானே?"

"யாரு போடுறது? அம்மாவா?"

"நானுங்க மிஸ்."

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பல்வலி. டாக்டரிடம் காட்ட பண்டாரவளைக்குப் போக வேண்டும், அம்மாவுக்கு ஒரு நாள் வேலை போகும். அம்மா தன் வெற்றிலைப் பையிலிருந்து ஒரு கிள்ளு புகையிலை எடுத்து, வலிக்கிற பல்லில் அடக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். தோட்டத்தில் இது கைவைத்தியம். யாரும் கெட்ட பழக்கம் என்று நினைப்பதில்லை. வலி போய்விட்டது, புகையிலை போகவில்லை. இப்போது அது இல்லாவிட்டால் தலை இடிக்கிறதாம், பாடத்தில் மனசு நிற்பதில்லையாம்.

வாயைத் திறக்கச் சொன்னேன். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. புற்றுநோயின் முன்னறிகுறி இப்படித்தான் இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன்.

அன்று மாலையே அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அம்மா லெட்சுமி கொழுந்து பறிக்கிறவர். சொன்னதும் சண்டைக்கே வந்துவிட்டார்.

"என்னாங்க மிஸ் இது? எம்புள்ளைக்கு நான் என்னா பீடியா பத்த வச்சுக் குடுத்தேன்? மருந்துக்குத்தாங்க வச்சேன்!"

மேடையில் நானும் புகையை மட்டும்தானே திட்டினேன்!

மகளின் கன்னத்துத் திட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டாக்டரிடம் வரச் சம்மதித்தார். போன செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிளினிக்கில் நீள வரிசை. தர்ஷினி பயத்தில், வீட்டுக்கே போய்விடலாம் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை பயப்படுவது லெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? பையைத் திறந்து, ஒரு கிள்ளு எடுத்து மகளிடம் நீட்டினார்... கிளினிக் வாசலிலேயே!

நான் கையைத் தட்டிவிட்டேன். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தர்ஷினியின் திட்டு இப்போதைக்குப் புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை என்றார் டாக்டர். இன்றோடு நிறுத்த வேண்டும், மாதா மாதம் வந்து காட்ட வேண்டும். லெட்சுமி எல்லாச் சாமியையும் கும்பிட்டார்.

"அம்மா, நீங்களும் வாயைத் திறங்க," என்றார் டாக்டர்.

"எனக்கு என்னாங்க ஐயா... சின்னப் புண்ணுதான். ஒறப்பு தின்னா எரியும், அவ்வளவுதாங்க."

"தொறம்மா," என்றாள் தர்ஷினி.

டாக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

திரும்பும் பஸ்ஸில் லெட்சுமி தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பண்டாரவளை தாண்டியதும், "இவ விட்டுருவாளா மிஸ்?" என்று மட்டும் கேட்டார். தர்ஷினிதான் பதில் சொன்னாள்.

"நீ விட்டா நானும் விட்டுருவேன்மா."

பிள்ளைகளைத் திருத்த ஆள் கூப்பிடும் அதிபர்மாரே — அடுத்த தடவை பெற்றவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்!