எரியாத தொட்டிக்குத் தண்ணீர் கேட்டவர்

ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது கிடங்குக் காவலாளி போன் செய்தார். "மாமா, மலர்க்கொடி மேடம் போய்ட்டாங்க."

"எந்த ஊருக்கு?" என்று கேட்டேன்.

மாரடைப்பாம். போன கோடையில் நெருப்பையே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவர் சாவார் என்று எவனுக்குத் தோன்றும்?

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள எங்கள் டீசல் கிடங்குக்குத் தீப்பாதுகாப்புப் பொறியாளர் மலர்க்கொடி அவர்கள். மலைமேல் சாமை விதைக்கும் குடும்பம். ஆள் என் தோளுக்குக் கீழே; குரலோ இங்கே கிளம்பினால் மலையைத் தாண்டிக் கண்ணமங்கலத்தில்தான் இறங்கும். நான் அங்கே ஸ்டோர்கீப்பர். அதாவது, அண்டசராசரத்து நட்டு போல்ட்டுகளுக்கெல்லாம் அதிபதி.

கிடங்கில் மூன்று தொட்டிகள். மூன்றாவதை ஒட்டி எங்கள் குடியிருப்பு. தீ வந்தால் சமாளிக்க எதை வாங்குவது என்று முதலாளி கேட்டார். நான் பீரங்கி மாதிரித் தண்ணீர் பாய்ச்சும் குழாயைக் கேட்டேன். மேகத்தையே ஓட்டை போடுமே! மேடம் கேட்டதோ, ஒவ்வொரு தொட்டியின் தலையைச் சுற்றியும் வளையமாக ஒரு குழாய். அதிலிருந்து தண்ணீர் தெளித்துத் தொட்டியின் உடம்பெல்லாம் வழிய வேண்டுமாம்.

"இன்னாங்க மேடம், தொட்டிக்கு ஷவரா? சோப்பும் வாங்கிடலாமா?"

"சிரிங்க மாமா. எங்க மலையில ஒரு கூரை பத்திக்கினா, தண்ணிய பக்கத்து வூட்டுக் கூரை மேலதான் ஊத்துவோம். எரியற டீசல்ல தண்ணி ஊத்துனா, டீசல் மெதந்துக்கினு ஊர்வலம் போவும். அத அணைக்க நுரை வண்டி வரணும். அது வர்ற வரைக்கும் எரியாத தொட்டிங்க சூடாவக் கூடாது."

முதலாளி தலையாட்டிவிட்டார். வளையங்களைத் திறக்கும் வால்வை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், காத தூரத்தில் வைக்கச் சொன்னார் மேடம்.

"அங்க போவ ஒரு பஸ் விடுங்க," என்றேன்.

"தீ வந்தா, இந்தத் தூரம் போதலன்னு நீங்களே சொல்வீங்க."

வந்தது. ஒரு மத்தியானம் முதல் தொட்டியில் இடி இறங்கியது. சூரியன் கூசிப்போய் மேகத்துக்குள் ஒளிந்தது, அப்படியொரு நெருப்பு! குடியிருப்பில் என் மனைவி கால் முறிந்து, கட்டோடு படுத்திருந்தாள். கைக்குழாயைத் தூக்கிக்கொண்டு வீராதி வீரனாகப் பாய்ந்தேன். பாதி வழியிலேயே, ஒடுகத்தூர் வரை புகழ்பெற்ற என் மீசை பொசுங்கியது.

"குழாய கீழ போடு மாமா! வால்வுக்கு ஓடு!"

மரியாதையை விட்டு அவர் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

ஓடினேன். வால்வின் சக்கரத்தைத் திருப்பினேன். மற்ற இரண்டு தொட்டிகளின் மேலும் தண்ணீர் வழிந்தது, ஆவி பறந்தது, மறுபடி வழிந்தது. நுரை வண்டி வந்து முதல் தொட்டியை வெள்ளைப் போர்வையால் மூடும் வரை வழிந்துகொண்டே இருந்தது. தொட்டிகள் இரண்டும் நின்றன. என் வீடும் நின்றது; உள்ளே அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மேடம் வால்வுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "தூரம் போதுமா மாமா?"

"போதலீங்க," என்றேன்.

இன்று அவரை மலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி கிடங்கு வாசலில் நின்றது. வளையங்களைத் திறந்து வழியனுப்பலாம் என்று முடிவானது. திறக்க என்னை அனுப்பினார்கள். முணுமுணுக்காமல் நடந்தேன்.

இரண்டு தொட்டிகளும் வெயிலில் ஜொலிஜொலிக்க நனைந்தன, மேடம். போய் வாருங்கள். நீங்கள் சொன்ன தூரம் இன்றும் போதவில்லை; கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் வால்வு வந்துவிட்டது.