மூன்றாவது வரியில் இருந்தவர்

எங்கள் சமையற்கூடத்தின் மேற்பார்வையாளர் எக்செல்லில்கூடப் பிள்ளையார் சுழி போடாமல் வேலையைத் தொடங்கமாட்டார். முதல் வரியில் தனியாக ஒரு ‘உ’. இரண்டாவது வரியில் தேதி. மூன்றாவதில் பெயர், அடுக்குமாடி புளோக் எண், உணவு வகை என்ற தலைப்புகள். அதற்குக் கீழேதான் ஆட்கள். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தச் சமையற்கூடத்திலிருந்து, தனியாக வாழும் முதியவர்களுக்கு மதிய உணவு அனுப்பிக்கொண்டிருந்தோம். அலுவலகம் என் பொறுப்பு. சாமியைக் கணினிக்குள்ளும் உட்கார வைத்துவிட்டீர்களா என்று அவரைக் கேலி செய்வேன். அவர் சட்டை செய்யமாட்டார்.

புதிய சாஃப்ட்வேர் வைத்துக்கொடுத்தவர் அந்தத் தாளைப் பார்த்தார். மேலே உள்ள மூன்று வரிகளையும் தள்ளிவிட்டு, நான்காவதிலிருந்து பெயர்களை ஏற்றிக்கொள்ளும்படி அமைத்துவிட்டதாகச் சொன்னார். ஏறிய பெயர்களுக்கு லேபிள் அச்சாகும். லேபிள் ஒட்டிய பொட்டலம் வேனில் போகும். மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை.

பிறகு மேற்பார்வையாளர் விடுப்பில் போனார். அவர் இடத்துக்கு வந்த பெண் தமிழ் முஸ்லிம், படு கெட்டிக்காரி. அந்த வாரத்துக்கு அவரே புதிதாக ஒரு தாள் தயாரித்தார். அதில் ‘உ’ இல்லை. ஏன் இருக்கப்போகிறது? தேதி முதல் வரிக்கு ஏறியது, தலைப்புகள் இரண்டாவதற்கு. மூன்றாவது வரியில் தோ பாயோவில் தனியாக இருந்த ஓர் அம்மாவின் பெயர் வந்துவிட்டது. சாஃப்ட்வேர் வழக்கம்போல மூன்று வரிகளைத் தள்ளியது.

வியாழக்கிழமை காலை அந்தப் பெண்தான் வந்து, தாளில் இருக்கும் ஆட்களைவிட லேபிள் ஒன்று குறைகிறது என்றார். திரையைப் பார்த்தேன். அந்த அம்மாவின் பெயர் எங்குமே இல்லை. திங்கட்கிழமையிலிருந்து அவருக்குச் சாப்பாடு போகவில்லை. அவர் சர்க்கரை நோயாளி, ஊசி போட்டுக்கொள்பவர், வேளைக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும். போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

வேன் ஓட்டுநரைப் பிடித்து, இத்தனை நாளாக அந்த வீட்டுக்குப் போகவில்லையே, ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

“பேரு வரலைன்னா ஆள் போயிட்டாங்கன்னுதானே அர்த்தம் லா. எப்பவும் அப்படித்தானே நடக்குது.”

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் பட்டியலிலிருந்து யாரும் இறந்துபோவதைத் தவிர வேறு வழியில் வெளியே போனதில்லை. பொட்டலம் கட்டுபவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். பாவம், நல்ல மனுஷி என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பொட்டலத்தை மூடியிருக்கிறார்கள். வருடக்கணக்காக அந்த அம்மாவின் கையில் சாப்பாட்டைக் கொடுத்தவர் இந்த ஓட்டுநர். இவ்வளவு சுலபமாகவா?

ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவருடனேயே வேனில் கிளம்பினேன். கதவைத் தட்டினோம். சத்தமே இல்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். உள்ளே நாற்காலி நகர்ந்தது. அந்த அம்மா வந்து கதவைத் திறந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன் அறைக்குள் கிடந்ததாம், காதில் விழவில்லையாம். ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுச் சமாளித்திருக்கிறார். தன்னைவிடக் கஷ்டப்படுகிற யாருக்கோ சாப்பாட்டை மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாராம். நான் தாளையும் வரிகளையும் பற்றி என்னென்னவோ விளக்க ஆரம்பித்தேன். ஓட்டுநர் இடையில் புகுந்து, அந்த அம்மா இறந்துவிட்டதாகத் தாங்கள் எல்லோரும் நினைத்ததை உளறிவிட்டார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. பொட்டலத்தை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு ஓட்டுநரைப் பார்த்தார்.

“சரிப்பா, செத்துட்டேன்னே நெனச்சீங்க. அதுக்கும் ஒருத்தர்கூட வந்து பாக்கலையே?”