ரங்கூன் மெட்டைத் தேடி தாகேதாவுக்கு

யாங்கூனில் இறங்கியபோது வியாழக்கிழமை பிற்பகல். கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டேன். குடிவரவு அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். சுற்றுலா என்றேன். அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்றால் உள்ளே விட்டிருப்பாரா?

சண்டை இதுதான். பாம்பன் தீவில் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் புறப்படும்போது முன்னால் அக்கார்டியன் வாசித்துக்கொண்டு நடப்பது வழக்கம். ஊரில் அதைப் பெட்டி என்போம். அப்பாவுக்குப் பிறகு நான் வாசிக்கிறேன். அதில் வாசிக்கும் நடைமெட்டுக்கு ரங்கூன் மெட்டு என்று பெயர். கப்பலேறிப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கள் ஆட்கள் அங்கிருந்து கொண்டுவந்தது என்று சொல்வார்கள். இந்த வருடம் விழாக் கமிட்டித் தலைவர் என் அண்ணன் சூசை. பெட்டி வேண்டாம், செண்டை மேளத்துக்குச் சொல்லியாச்சு என்று கூட்டத்தில் அறிவித்துவிட்டார்.

"பேரே ரங்கூன் மெட்டு. எவன் வீட்டுச் சரக்கோ, நமக்கு எதுக்கு?" என்றார்.

செண்டை மட்டும் பாம்பனிலா விளைகிறது என்று கேட்டேன். கூட்டம் சிரித்துவிட்டது. அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "அங்க போய், இது நம்மளோடதுதான்னு காட்டு. உன்னை முன்னால விடுறேன்" என்றார். நான் போகமாட்டேன் என்ற தைரியத்தில் சொன்னது. தையல் கடையைப் பூட்டிவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

வெள்ளி காலை. தங்கிய இடம் நகர நடுவே பபேடானில், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே தெருவை அடைத்துக்கொண்டு கடைகள். மசூதிக்கும் கோயிலுக்கும் நடுவே ஒருவர் சமோசாவைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கிண்ணத்தில் போட்டு, மேலே குழம்பு ஊற்றித் தருகிறார். துணி வெட்டும் கத்தரிக்கோலைப் பலகாரத்துக்குப் பயன்படுத்துவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் ருசி அபாரம், இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அங்கேதான் டாக்ஸிக்காரர் கோ மோ அறிமுகமானார். வீட்டில் வைத்த பெயர் மோகன்; அப்பா தமிழர், அம்மா பர்மியர். தமிழ் புரியும், பேசும்போதுதான் வார்த்தைகளைத் தேடுகிறார்.

"அலோன் துறைக்குப் போகணும் தம்பி. அந்தக் காலத்துல எங்க ஊர் ஆளுங்க வேலை பார்த்த இடம்" என்றேன்.

"போலாம் அக்கா. ஆனா அங்க இப்போ தமிழ் ஆள் இல்ல. பெட்டி பெட்டியா கண்டெய்னர்தான்."

பன்னிரண்டாயிரம் சாட் பேசி ஏறினேன். நாலு கிலோமீட்டர்தான் தூரம். இந்த ஊரில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முன் சீட்டில் உட்கார்ந்த எனக்குக் காலடியில் பிரேக் இல்லாத குறைதான். எதிரே பஸ் வரும்போதெல்லாம் மாதாவே என்று கத்தினேன். கோ மோ அசரவில்லை.

அலோனில் அவர் சொன்னபடியேதான் இருந்தது. கிடங்குகள், இரும்புக் கதவுகள், ஆற்றில் சேற்று நிறத் தண்ணீர். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களிடம் அக்கார்டியன் தெரியுமா என்று கோ மோவை விட்டுக் கேட்டேன். கைகளை விரித்து மூடிக் காட்டினேன். மீன் வலை கேட்கிறேன் என்று ஒருவர் நினைத்துக்கொண்டார். காவல்காரர் வந்து கையை வீசி விரட்டினார்.

சனிக்கிழமையும் விடவில்லை. நகரத்துத் தேவாலயம் ஒன்றில் போய் நின்றேன். பாடகர் குழுவில் கீபோர்டும் கிடாரும் இருந்தன. அக்கார்டியனைப் பழைய படத்தில் பார்த்ததாக ஒரு பெண் சொன்னாள். மறுபடியும் அலோன், மறுபடியும் அதே காவல்காரர். திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சூசை அண்ணனின் முகம் கண்ணில் வந்து வந்து போனது. அந்த ஆத்திரத்தில், என்னை அறியாமல் வாய்க்குள் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

கோ மோ வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "அக்கா, இது தீவுப் பாட்டுல்ல?"

"என்ன பாட்டு?"

"தீவுப் பாட்டு. தாகேதால எங்க பெரியம்மா ஒரு பெட்டில வாசிப்பாங்க. அதுக்குப் பேர் அக்கார்டியன்னு எனக்குத் தெரியாது. வீட்டு ஜெபம், சாவு, எல்லாத்துக்கும்."

இரண்டு நாளாகக் கருவியின் பெயரைச் சொல்லி ஊரெல்லாம் கேட்டேனே, ஒரு தடவை மெட்டைப் பாடிக் காட்டத் தோன்றியதா? என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

ஞாயிறு பிற்பகல். பஸுண்டாங் ஓடையின் பாலத்தைத் தாண்டினால் தாகேதா. தகரக் கூரைகளும் தேநீர்க் கடைகளுமாக நெருக்கமான வீடுகள். கோ மோவின் பெரியம்மா, அதாவது அவர் அப்பாவின் அண்ணி, டோ எலிசபெத்துக்கு (டோ என்பது இங்கே மூத்த பெண்களுக்கு மரியாதை அடைமொழி) அறுபத்தைந்து வயது இருக்கும். கட்டியிருந்தது பர்மியக் கைலியான லோஞ்சி, கன்னத்தில் சந்தனம் போன்ற தனக்கா பூச்சு, பேச்சு மட்டும் என் பாட்டன் காலத்துத் தமிழ்.

"வாங்கோ வாங்கோ. லபெயே குடிக்கிறேளா?" என்று பால் தேநீரை நீட்டினார்.

அறை மூலையில் கீபோர்டு ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. அதைக் கேட்டேன். "புள்ளை வாங்கிப் போட்டது. மீ போயிட்டா அது பொணம். ஜெபம் நடுவுல எத்தனை தரம் செத்துது! இதுக்கு மீ வேணாம்" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். மின்சாரத்தை இங்கே மீ என்கிறார்கள். அது அன்று காலையிலிருந்தே இல்லை.

பெட்டியை மார்பில் மாட்டிக்கொண்டவர், கட்டை எதையும் தொடாமல், காற்றுப் பொத்தானை மட்டும் அழுத்தித் துருத்தியை மூன்று தரம் வெறுமனே விரித்து மூடினார். புஸ், புஸ், புஸ் என்று காற்று மட்டும் போயிற்று. நாங்களும் அப்படித்தான் செய்வோம். அதைச் செய்யாமல் வாசித்தால் அப்பா பெட்டியைப் பிடுங்கிவிடுவார்.

"ஏன் அப்படிச் செய்றீங்க?" என்றேன்.

"உங்க தீவுல உப்புக் காத்தாமே. உள்ள இருக்கிற ரீடுத் தகடு கெட்டுப்போகும், அந்தக் காத்தை வெளியே தள்ளணும்னு உங்க ஆளுங்கதானே சொல்லிக் கொடுத்தா?"

எங்கள் ஊரில் சொல்லும் காரணம் வேறு. ரங்கூன் மழையின் ஈரத்தை வெளியேற்றுவதற்கு என்பார்கள். அவர் மேலும் சொன்னார்: பாட்டு, பெட்டி, எல்லாமே தீவுக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்தது, தன் தாத்தா துறைமுகத்தில் அவர்களிடம் கற்றுக்கொண்டார். நாங்களோ இவர்களிடம் கற்றோம் என்கிறோம். இரண்டு பேரும் அடுத்தவர் கையைக் காட்டினால் எங்கேதான் பிறந்தது? உப்பும் மழையும் சேர்ந்த நடுக்கடலில், கப்பல் தளத்தில் யாரோ பொழுதுபோகாமல் வாசித்ததாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இதைச் சொன்னால் கமிட்டி ஏற்குமா?

கோ மோவின் கைப்பேசியில் எப்படியோ இணைப்புக் கிடைத்தது. அண்ணனை அழைத்து விவரம் சொன்னேன்.

"அப்போ அவங்களும் அவங்களுது இல்லங்கிறாங்க. நான் சொன்னதுதானே? யாருதும் இல்லாத சரக்கு" என்றார் அண்ணன். குரலில் அவ்வளவு திருப்தி.

"பேசாமக் கேளுங்க அண்ணே" என்று ஒலியைப் பெரிதாக்கிக் கைப்பேசியை டோ எலிசபெத்தின் முன்னால் வைத்தேன். அவர் வாசித்தார். ஒவ்வொரு சுரமும் எங்கள் மெட்டுத்தான், ஆனால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வேகம். முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடியின் பாதியில் கைப்பேசி கத்தியது.

"ஏய், ஏய், நிப்பாட்டு! என்ன அவசரம் அந்தம்மாவுக்கு? அந்த இடத்துல துருத்திய இழுத்துப் பிடிக்க வேண்டாமா? நம்ம மெட்டை இப்படியா ஓட்டுறது?"

நம்ம மெட்டு! அண்ணன் வாயாலேயே வந்தது. டோ எலிசபெத்துக்கோ ரோஷம் வந்துவிட்டது. "யாரு அது? இழுத்தா ஜெபத்துக்கு வந்தவா தூங்கிடுவா!"

"அம்மா, அது உக்காந்து கேக்கிற பாட்டு இல்ல. சப்பரம் தூக்கி நடக்கிற மெட்டு. நாப்பது வருசம் தோள்ல தூக்கினவன் சொல்றேன். அந்த இழுவையிலதான் தோள் மாத்துவோம். இழுவை இல்லேன்னா சப்பரம் சாஞ்சிரும்."

"செண்டைச் சத்தத்துக்குத் தோள் மாத்துவீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "அந்தம்மாவுக்கு ஒழுங்கா வாசிச்சுக் காட்டிட்டு வா. திருவிழாவுக்கு முன்னாடி வந்து சேரு. நீ இல்லாம எப்படித் தூக்குறது?"

டோ எலிசபெத் பெட்டியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முதல் அடியில் இரண்டு கட்டை தப்பிவிட்டது. இழுவை இடத்தில் அவர் கண்ணை மூடிக் கேட்டார். "அழகாத்தான் இருக்கு. ஆனா நாங்க இப்படி வாசிக்க மாட்டோம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினேன். எங்கள் ஊரில் மெட்டு நடக்கிறது, தாகேதாவில் ஓடுகிறது. இரண்டில் எனக்கு எது பிடித்தது என்று கேட்டால், அந்த ஓட்டம்தான். அண்ணனிடம் இதைச் சொல்லப்போவதில்லை.