மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வரக்கூடாது

"அக்கா நெத்தி வுணா", அக்கா போய்விட்டார் என்று, எங்களோடு வேலை செய்த சுனேத்ரா தொலைபேசியில் சிங்களத்தில் சொன்னாள். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான அக்கா ஒருவர்தான். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே புஷ்பராணியின் உயிர் பிரிந்ததாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

வரக்காப்பொலைக்கு அருகே அந்த ஆடைத் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மெஷினில் உட்கார்ந்து, பிறகு இரண்டாம் தையல் லைனுக்குச் சூப்பர்வைசர் ஆனவர். நான் தரம் பார்க்கும் பகுதியில் இருந்தேன். காலை ஏழு மணிக்கு முன்பே கேற்றடியில் நின்று, வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸையும் அவர் பார்ப்பார். முகத்தில் ஒருநாளும் நிம்மதி இருக்காது. "எத்தனை பேரு வந்தாங்கன்னு பாக்காதீங்க வசந்தி. யாரு வரலைன்னு பாருங்க" என்பார்.

அதன் பொருள் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. சட்டை தைப்பதில் கொலர் பொருத்துவதுதான் மிக மெதுவான வேலை. சட்டைக் கை தைப்பவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும், ஒரு நாளில் எத்தனை கொலர் ஏறுகிறதோ அத்தனை சட்டைதான் வெளியே போகும். எங்கள் லைனில் அந்த வேலை நன்றாகத் தெரிந்தவள் செல்வி ஒருத்திதான். அவள் ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருபவள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. முந்தின நாள் கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. அன்று தோட்டத்துப் பிள்ளைகளின் பஸ் வரவில்லை. எட்டு மணிக்கு அதில் வந்த நாலைந்து பேர் மட்டும் நடந்து வந்து சேர்ந்தார்கள். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பிள்ளைகள் பதினொரு பேரைப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். பதினொருவரில் செல்வியும் ஒருத்தி.

மனேஜர் கெட்டவர் அல்ல, ஆனால் அவரும் பயந்திருந்தார். மறுநாள் சட்டைகளை ஏற்றிக்கொண்டு கன்டெய்னர் போக வேண்டும். "இது தவறினால், தோட்டத்துப் பிள்ளைகளை நிறுத்திவிட்டு, நேரத்துக்கு வருகிற ஊர்ப் பிள்ளைகளை மட்டும் எடுக்கும்படி மேலிடத்தில் சொல்வார்கள். அதன் பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்.

இவர்கள் இங்கே வேலை செய்பவர்கள் என்று புஷ்பராணி அவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கினார். பதினொரு பெயரையும் எழுதவைத்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க போங்க வசந்தி. ஒங்களுக்கு சிங்களம் நல்லா வரும்."

"நீங்களும் வாங்க."

"நான் வரல. கொலர் மெஷின்ல யாரு ஒக்கார்றது?"

எனக்குக் கோபம் வந்தது. "நம்ம புள்ளைங்களவிட சட்டை பெருசாப் போச்சா ஒங்களுக்கு?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் போய்க் கொலர் மெஷினில் உட்கார்ந்துகொண்டார்.

பொலிஸ் நிலையத்தில் பிற்பகல் வரை காத்திருந்தேன். பிள்ளைகள் சுவரோரமாகக் குந்தியிருந்தார்கள். செல்வி என்னைக் கண்டதும், "லைன் நின்னுபோச்சா மிஸ்?" என்றுதான் கேட்டாள். கடிதத்தில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கடைசியில் எல்லோரையும் விட்டார்கள்.

தொழிற்சாலையில் நடந்ததைச் சுனேத்ரா பிறகு சொன்னாள். கொலர் மெஷினுக்கு முன்னால் தைத்த துண்டுகள் மலையாகக் குவிந்தன. யாரும் சும்மா இருக்கக் கூடாது என்று மனேஜர் சத்தம் போட, புஷ்பராணி கொலருக்கு முந்தைய வேலை செய்யும் மெஷின்களையே நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "குவிச்சு வச்சா சட்டையாகாது சேர். அந்தக் கையெல்லாம் எனக்கு இங்க குடுங்க" என்று, அவர்களைக் கொலரில் அடையாளமிடவும் மடிக்கவும் வைத்திருக்கிறார். அப்போதுதான் சுனேத்ரா, "மட்ட புளுவன் அக்கே" என்று, தன்னாலும் முடியும் என எழுந்து வந்து இன்னொரு மெஷினில் உட்கார்ந்தாள். அவள் தைத்த முதல் பத்தையும் பிரிக்க வேண்டியிருந்தது. பதினோராவது கொலர் சரியாக நின்றது.

நாங்கள் திரும்பியதும் செல்வி நேரே கொலர் மெஷினுக்குப் போனாள். அவளிடம் ஊசி வேலை எதையும் புஷ்பராணி கொடுக்கவில்லை. "டீயைக் குடி. இன்னைக்கு நூல் மட்டும் வெட்டு" என்றார். அந்தப் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டுதான் செல்வி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நல்ல வேள, அக்கா அங்க வரல மிஸ். அவுங்களுக்கும் கார்டு இல்லையே."

புஷ்பராணி அட்டைக்குப் பதிலாக, தோட்ட நிர்வாகியான துரை கொடுத்த கடிதத்தோடு வேலைக்குச் சேர்ந்தவர் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அட்டைக்குப் பலமுறை விண்ணப்பித்தும், பிறப்புப் பத்திரம் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மெஷினருகே போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் வந்திருந்தா பன்னெண்டு பேரு. அப்பறம் இங்க யாரு?" என்றார், தலை நிமிராமல். கையிலிருந்த கொலரைத் தைத்து முடித்து, "பயந்தான் வசந்தி. காலையில இருந்து ரோட்ல ஒவ்வொரு ஜீப்பு போறப்பவும் பயந்தான்" என்றார்.

கன்டெய்னர் சில பெட்டிகள் குறைவாகப் போனது. பதினொரு பேரின் வேலையும் தப்பியது. அடுத்த வாரமே அவர் ஒரு விதி கொண்டுவந்தார். ஒவ்வொரு வேலையும் மூன்று பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வரக்கூடாது. பழக்கிக்கொடுக்க நேரம் வீணாகிறதே என்று மனேஜர் முணுமுணுத்தார். மழைக்கு ரோடு உடைந்தால் உதவும் என்று அவரைச் சம்மதிக்க வைத்தார் புஷ்பராணி. உண்மையான காரணத்தை அலுவலகத்தில் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவருக்கு அட்டை கிடைத்தபோது நான் அந்த வேலையை விட்டிருந்தேன். சுனேத்ரா மூலம் கேள்விப்பட்டேன். பார்க்கப் போக வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. அன்று எல்லோர் முன்னிலும் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை.

இப்போது பன்னிரண்டு மெஷின்களை வைத்து ஒரு சிறு தையலகம் நடத்துகிறேன். யாராவது சொன்ன இடத்துக்குப் போக மறுத்தால், முதலில் அவளைத் தனியாக அழைத்து, என்ன பயம் என்று கேட்கிறேன். பதில் வரும்வரை காத்திருக்கிறேன். புஷ்பராணியின் அன்றைய பயத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது அந்தக் காத்திருப்புத்தான். அன்று அவருக்கு மட்டும் அதை நான் கொடுக்கவில்லை.